இரண்டாவது டவுனில் மீதி எத்தனை? ஆண்ட்ரூ ஹாரிஸ் என்ற ரன்னிங் பேக்

கனடியன் ஃபுட்பாலில் 10 யார்டு முன்னேற மூன்றே வாய்ப்புகள். ஒரு வாய்ப்புக்குப் பெயர் டவுன். அமெரிக்காவில் நான்கு. இந்த ஒரு டவுன் குறைவதில் ஆட்டம் முழுக்க மாறிவிடுகிறது. எல்லாரையும்விட அதிகம் மாறுவது, பந்தைச் சுமந்து ஓடுகிறவரான ரன்னிங் பேக்கின் பிழைப்பு. மூன்றாவது டவுனில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் அனுப்பிவிடுவார்கள் என்பதால், உண்மையில் கையில் இருப்பது இரண்டு டவுன்தான். முதல் டவுனில் பந்தோடு ஓடி 2 யார்டு மட்டும் எடுத்தால் இன்னும் 8 யார்டு பாக்கி. அடுத்து வரப்போவது பாஸ்தான் (பந்தை எறிவது) என்று எதிரணிக்கு அப்போதே தெரிந்துவிடும். 5 அல்லது 6 யார்டு எடுத்துவிட்டாலோ, ஓடுவார்களா எறிவார்களா என்று அவர்களால் கணிக்க முடியாது. ஓடிய யார்டைக் கூட்டிப் பார்ப்பது ரசிகர்கள். பயிற்சியாளர்கள் பார்ப்பது, ஓடி முடித்த பிறகு இரண்டாவது டவுனுக்கு எத்தனை யார்டு மீதி வைத்தான் என்பதை.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு அதற்கேற்பத் தன்னை வடிவமைத்துக்கொண்டவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஆண்ட்ரூ ஹாரிஸ். (கால்பந்து என்று எழுதினால் நம் ஆட்களுக்கு வேறு ஆட்டம் கண்ணில் நிற்கும். அதனால் ஃபுட்பால் என்றே எழுதுகிறேன்.)

மொத்த யார்டு என்று பார்த்தால் அவருக்கு மேலே பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். சஸ்காட்சுவான் ரஃப்ரைடர்ஸுக்கு 1963 முதல் 1975 வரை, ஒரே அணிக்கு, 13 சீசன் ஓடிய ஜார்ஜ் ரீட் 3,243 முறை பந்தைச் சுமந்து 16,116 யார்டு எடுத்தார். ஒரு ஓட்டத்துக்கு ஏறத்தாழ 5 யார்டு. கொழுத்த தற்காப்பு வரிசைக்குள் தலையைக் குனிந்துகொண்டு புகுந்து எடுத்த யார்டுகள் அவை. அந்தச் சாதனையைத் தாண்டிய மைக் பிரிங்கிள் 16,425 யார்டில் நிறுத்தினார். 1998-ல் மாண்ட்ரியலுக்காக ஒரே சீசனில் 2,065 யார்டு ஓடி, கனடியன் ஃபுட்பால் லீக்கில் 2,000-ஐத் தொட்ட முதல் ஆளும் அவர்தான். அந்த ஆண்டு அவர் பந்தைச் சுமந்தது 347 முறை. 18 ஆட்டத்தால் வகுத்தால் ஆட்டத்துக்கு 19-க்கு மேல். இன்று எந்த அணியும் ஒரு ஆளை அப்படி ஓட்டாது. இருவருமே அமெரிக்காவில் பிறந்து, கல்லூரி முடித்து, வடக்கே வந்தவர்கள். இந்த லீக்கில் ரன்னிங் பேக் என்றால் வெகுகாலம் அப்படித்தான்: ஆள் அமெரிக்கன், தோள் உறுதி, வேலை ஓடுவது.

ஹாரிஸ் வின்னிபெக்கில் 1987-ல் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கனடிய வீரர்கள் வழக்கமாக லீக்குக்குள் வருவது பல்கலைக்கழகம் வழியாக, அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் தேர்வாகித்தான். அவர் வந்த வழி ஜூனியர் ஃபுட்பால். பள்ளி முடித்து 22 வயது வரை ஆடக்கூடிய லீக் அது. படிப்புதவித்தொகை பெரிதாகக் கிடையாது. பகலில் ஏதாவது வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். 2005-ல் வான்கூவர் தீவில் நனைமோ ஊரில் இருக்கும் ரெய்டர்ஸ் அணிக்குப் போனார், 2009 வரை ஆடினார். அந்தக் காலத்தில் ரெய்டர்ஸ் 2006, 2008, 2009 என மூன்று முறை தேசிய ஜூனியர் கோப்பையை வென்றது.

ஜூனியர் வழியில் ஒரு சின்ன வாசல் உண்டு. தன் வட்டாரத்து ஜூனியர் அணிகளிலிருந்து சிலரை 'இவர் எங்கள் ஆள்' என்று டிராஃப்டுக்குப் போகாமலே தொழில்முறை அணி ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். வான்கூவரின் பிசி லயன்ஸ் அணி ஹாரிஸை அப்படித்தான் பிடித்தது. டிராஃப்டில் எத்தனையாவது சுற்று என்ற முத்திரை இல்லாமல் வருகிறவனுக்கு யாரும் பொறுமை காட்ட மாட்டார்கள். முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு வேலைக்கு உதவ வேண்டும். அந்த வேலை, அநேகமாக, ஸ்பெஷல் டீம்ஸ். உதைத்து வரும் பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடுவது, எதிரணி அப்படி ஓடும்போது துரத்திப் பிடிப்பது. 2010-ல் ஹாரிஸ் லயன்ஸில் செய்ததும் பெரும்பாலும் அதுதான். இங்கே 'ஃபேர் கேட்ச்' கிடையாது. பந்து வந்தால் பிடித்து ஓடியே ஆக வேண்டும். பிடிக்கும்வரை 5 யார்டு இடைவெளி விட வேண்டும் என்பது மட்டும்தான் பாதுகாப்பு. ஓடுகளத்தில் ஆள் எந்தக் கோணத்தில் வருவான் என்று கண் பழகுவதற்கு இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் இல்லை.

பாஸ்போர்ட் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், அது தெரியாமல் ஹாரிஸின் மதிப்பு புரியாது. ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 12 பேர். தாக்குதலுக்கு 12, தற்காப்புக்கு 12, ஆக ஒரு அணியின் தொடக்க வீரர்கள் 24. ஹாரிஸ் ஆடிய காலத்தின் பெரும்பகுதியில் அந்த 24 பேரில் குறைந்தது 7 பேர் கனடியர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அணிகள் அந்த 7 இடங்களை வழக்கமாகத் தாக்குதல் வரிசை, சேஃப்டி (தற்காப்பில் கடைசியாக நிற்பவர்), ஒரு ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) என்று பிரித்து நிரப்பும். ரன்னிங் பேக் இடத்தை அமெரிக்கருக்கு விட்டுவிடும். முன்னணி அமெரிக்கர்களுக்குச் சமமாக ஓடும் ஒரு கனடியன் கிடைத்துவிட்டால், 7-ல் ஒன்று அங்கே கணக்காகிவிடும். வேறொரு இடத்தில், தாக்குதல் வரிசையில் கார்டாகவோ ரிசீவராகவோ, கூடுதலாக ஒரு நல்ல அமெரிக்கரை இறக்கலாம். அதாவது ஹாரிஸ் ஆடும்போது அணி பலப்படுவது இரண்டு இடங்களில்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தொடக்க ரன்னிங் பேக் கனடியன் என்றால் அவனுக்கு மாற்றாக இருப்பவனும் கனடியனாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முதல் கால்வாசியில் அவன் கணுக்கால் பிசகினால் அணியின் விகிதமே உடைந்துபோகும். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் வேறொரு அமெரிக்கரை வெளியே எடுத்துச் சமன் செய்ய வேண்டிவரும். பின்னாளில் வின்னிபெக் இதைச் சரியாகச் செய்தது. ஹாரிஸுக்குப் பின்னால் ஜானி அகஸ்டின், பிரேடி ஒலிவேரா என்று இரண்டு கனடியர்களை வைத்திருந்தது.

2011-ல் லயன்ஸ் முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்றது. சீசன் நடுவே ஹாரிஸ் தொடக்க ரன்னிங் பேக் ஆனார். நவம்பர் 27 அன்று, வான்கூவரில் சொந்த மைதானத்தில், லீக்கின் கோப்பையான கிரே கப் இறுதியாட்டத்தில் லயன்ஸ் 34–23 என்று வென்றது. எதிரணி, அவர் பிறந்த ஊரான வின்னிபெக்கின் புளூ பாம்பர்ஸ். அன்று சிறந்த கனடியருக்கான விருது அவருக்கு. அடுத்த ஆண்டு 1,112 யார்டு ஓடி, பாஸ் பிடித்து 718 யார்டு எடுத்து, மொத்தம் 1,830. அதே 2012-ல் கால்கரியின் ஜான் கார்னிஷ் 1,457 யார்டு ஓடி, 1956 முதல் நார்மி குவாங் வைத்திருந்த கனடியர் சாதனையை (1,437) முறியடித்தார். ஒரே சீசனில் இரண்டு கனடிய ரன்னிங் பேக்குகள் லீக்கின் உச்சியில் நின்றது அந்த விதிக்கே ஒரு நல்ல பதில் என்று நினைக்கிறேன். கனடியருக்கு இடம் ஒதுக்குவது தானம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஆண்டு வாய் திறக்கவில்லை.

சரி, ஓடுவது எப்படி? டிவியில் பார்க்கும்போது பந்தை வாங்கி ஓட்டை பார்த்து ஓடுவதுபோலத்தான் இருக்கும்.

பந்தை எறிவதும் கையில் கொடுப்பதும் குவார்ட்டர்பேக். வரிசையின் நடுவிலிருந்து அவருக்குப் பந்தைப் பின்னால் அனுப்புபவர் சென்டர். குவார்ட்டர்பேக் பெரும்பாலும் சென்டரிலிருந்து சில யார்டு பின்னால், ஷாட்கன் நிலையில் நிற்பார். ரன்னிங் பேக் அவர் பக்கத்தில். பந்தை வாங்கும்போது குவார்ட்டர்பேக் பக்கத்து முழங்கை மேலே, மற்ற கை வயிற்றுக்குக் கீழே உள்ளங்கை மேல்நோக்கி. இரண்டு கையும் சேர்ந்து ஒரு பை போல. பந்து பைக்குள் விழுந்ததும் மூடிக்கொள்ள வேண்டும். முழங்கை தாழ்ந்தால் பந்து அதில் இடித்துக் கீழே விழும். பந்தைக் குனிந்து பார்த்தால் அந்த அரை நொடியில் எதிர் வரிசை எப்படி நகர்ந்தது என்பது தெரியாமல் போகும். கண் எதிரிமேல், கை பந்துக்கு. புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

இன்சைட் ஸோன் என்ற ஓட்டத்தில் குறி சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே. குறி என்பது போய்ச் சேரும் இடமல்ல, எதிரியை இழுக்கும் இடம். முதல் இரண்டு மூன்று அடி அவசரமில்லாமல் வைத்து, வரிசையை நெருங்கி, தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் 'இங்கேதான் வருகிறான்' என்று நம்பி அடியெடுத்த பிறகுதான் வெட்டித் திரும்ப வேண்டும். அதுவும் ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு போட்டால் பின்னாலிருந்து துரத்துகிறவன் வந்து சேர்ந்துவிடுவான். சீக்கிரமே வெட்டினால் லைன்பேக்கர் நகர்ந்திருக்க மாட்டான், நேராக அவன் மடியில் போய் விழ வேண்டியதுதான். ஹாரிஸின் உயரம் 5 அடி 10 அங்குலம் அளவில்தான், எடை 200 பவுண்டுக்குச் சற்று மேல். நேர்கோட்டு வேகத்தில் அவரை மிஞ்சியவர்கள் பலர். அவரிடம் இருந்தது அந்தப் பொறுமை. முன்னே இருக்கும் லைன்மேன் (தாக்குதல் வரிசை ஆள்) முதுகில் கை வைத்துத் தள்ளும் அளவு நெருங்கி நின்று, அவர் எதிரியை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று பார்த்து, மறுபக்கம் நழுவுவார்.

கனடிய விதியில் இதற்கு ஒரு துணை உண்டு. பந்துக்கும் தற்காப்பு வரிசைக்கும் நடுவே ஒரு யார்டு இடைவெளி விட வேண்டும். அந்த ஒரு யார்டில் தாக்குதல் வரிசையின் லைன்மேன் ஒரு முழு அடி எடுத்து வைத்துவிட முடியும், இரண்டு பேர் சேர்ந்து ஒருவனைத் தள்ளும் 'டபுள் டீம்' வலுப்படும். ஆனால் எதிரியும் அந்த இடைவெளியில் ஓட்டம் எடுத்து வந்து மோதுவான் என்பதால், லைன்மேனின் முதல் அடி தப்பினால் ரன்னிங் பேக் பந்தை வாங்கும் இடத்திலேயே மாட்டிக்கொள்வார். இன்னொரு விளைவும் உண்டு. மூன்றாவது டவுனில் ஒரு யார்டுதான் வேண்டும் என்றால் இங்கே உதைக்க மாட்டார்கள். அதற்கென்றே இருக்கும் ஒரு தடித்த குவார்ட்டர்பேக் வந்து, பந்தோடு முன்னால் விழுந்து எடுத்துவிடுவார். கோல் கோட்டருகே எடுக்கும் டச்டவுன் (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டுவது) பலவும் அவர் கணக்கில் போகும். கனடிய ரன்னிங் பேக்கின் டச்டவுன் எண்ணிக்கையை அமெரிக்கருடன் ஒப்பிட்டுக் குறைத்துப் பேசுகிறவர்கள் இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மைதானம் 65 யார்டு அகலம். ஓரமாக முடிந்த நகர்வுக்குப் பிறகு பந்தைக் கொண்டுவந்து வைக்கும் கோடு ஹாஷ் கோடு. ஹாரிஸின் வின்னிபெக் காலத்தில் அது ஓரத்திலிருந்து 24 யார்டில் இருந்தது. பந்து அந்தக் கோட்டில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 24 யார்டு, மறுபக்கம் 41 யார்டு வெட்டவெளி. அந்த 41 யார்டுப் பக்கத்தில் ரன்னிங் பேக்கைத் தனியே விட்டு ஒரு சின்ன பாஸ் போட்டால், அவரை முதலில் தொடப்போகிறவன் ஒரே ஒரு லைன்பேக்கர். அவனை ஏமாற்றினால் 8 யார்டு உறுதி. ஓட்டத்துக்கு மாற்றாக இந்தப் பாஸ் வேலை செய்கிறது. ஹாரிஸின் தொழில் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தியதும் இதுதான்.

2016-ல் அவர் சொந்த ஊர் அணிக்கு வந்தார். 2017-ல் 1,035 யார்டு ஓடி லீக்கில் முதலிடம். அதே சீசனில் 105 பாஸ்களைப் பிடித்து 857 யார்டு. ஒரு ரன்னிங் பேக் 105 பாஸ் பிடிப்பது அதற்குமுன் லீக்கில் நடந்ததே இல்லை. இரண்டையும் கூட்டினால் 1,892. நான் 2017-ஐத்தான் அவருடைய உச்சம் என்பேன். 2018-ல் 1,390-ம் 2019-ல் 1,380-ம் ஓடி மீண்டும் முதலிடம் பிடித்தார், 2019-ல் ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 6 யார்டைத் தாண்டியது. எண்ணில் அவை பெரியவை. ஆனாலும் எதிரணி அவரை ஓட்டக்காரனாக நினைத்தால் பிடிப்பார், பிடிப்பவனாக நினைத்தால் ஓடுவார் என்ற நிலை முழுமையாக இருந்தது 2017-ல்.

பிடிப்பதில் தவறுவது எங்கே என்றால், பந்து கைக்கு வரும் முன்பே முகத்தைத் திருப்புவது. ஓரமாக ஓடி வரும் ரன்னிங் பேக்குக்கு எதிரி எங்கே என்ற பயம் இருக்கும். ஒரு கண் அங்கே போகும், பந்து விரலில் பட்டுத் தெறிக்கும். அப்படித் தெறிக்கும் பந்து மேலே எழும்பி எதிரி கையில் விழுந்தால் டவுன் போவதோடு முடியாது, பந்தே போய்விடும்.

இனி யாரும் கைதட்டாத வேலை. தாக்குதல் பக்கம் 12 பேரில் குவார்ட்டர்பேக் ஒருவர், வரிசையில் ஐவர், ரிசீவர்கள் பெரும்பாலும் ஐவர், மிச்சம் ரன்னிங் பேக் ஒருவர். எதிரணி ஆறு பேரை குவார்ட்டர்பேக் மேல் ஏவினால் ஆறாவது ஆளைத் தடுக்க வேண்டியது ரன்னிங் பேக். பந்து நகர்ந்த கணத்தில் உள்ளிருந்து வெளியே பார்த்துக்கொண்டு போக வேண்டும். நடுவே வருகிறவன் முதலில், ஓரத்தில் வருகிறவன் பிறகு. ஏனென்றால் நடுவே வருகிறவனுக்குத் தூரம் குறைவு. வெளியே வருகிறவனைப் பார்த்து ஆசைப்பட்டுப் போய்விட்டால் உள்ளே வருகிறவன் குவார்ட்டர்பேக்கை நேராக இடிப்பான். தடுக்கும்போது இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு கையும் எதிரியின் மார்புக்குள் வைத்து, குவார்ட்டர்பேக்கின் மடியில் அல்ல, வரிசைக்குப் பக்கத்திலேயே போய் மோத வேண்டும். பின்னால் காத்து நின்றால் 230 பவுண்டு ஆள் முழு வேகத்தில் வந்து மோதுவான். தலையைக் குனிந்து மோதுகிறவன் எதிரியைத் தவறவிடுவான், கழுத்தையும் கெடுத்துக்கொள்வான். யார்டு கணக்கு எதிலும் இது ஏறாது. ஆனால் நன்றாக ஓடும் எத்தனையோ அமெரிக்கர்கள் இரண்டு சீசனில் இந்த லீக்கைவிட்டுப் போனதற்குக் காரணம் இதுதான். ஹாரிஸ் 30 வயதுக்குப் பிறகும் எல்லா டவுனிலும் களத்தில் நிற்க முடிந்ததற்குக் காரணமும் இதுவே.

குளிரையும் சொல்ல வேண்டும். சீசன் ஜூனில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. வின்னிபெக்கில் நவம்பர் பந்து கல்போல இறுகும், கையுறையின் பசைத்தன்மை போய்விடும். இடுப்பில் கட்டிய பையில் சூடேற்றும் பொட்டலத்தோடு கையை நுழைத்துக்கொண்டு நிற்பார்கள். பந்தைப் பிடிப்பதில் ஐந்து இடம் தொட வேண்டும் என்று சிறுவர்களுக்கே சொல்லிக் கொடுப்பது வழக்கம்: முனையில் விரல், அடியில் உள்ளங்கை, முன்கை, மேல்கைத் தசை, விலா. ஆகஸ்டில் இதில் ஒன்று விட்டுப்போனாலும் பந்து நிற்கும். நவம்பரில் நிற்காது. குளிரில் எல்லா அணியும் அதிகம் ஓடப் பார்ப்பதால், ஜூலையில் ஆட்டத்துக்கு 10 முறை பந்து வாங்கியவன் இறுதிச் சுற்றில் 20 முறை வாங்க வேண்டிவரும், தேய்ந்துபோன கால்களோடு.

2019 ஆகஸ்டில் ஹாரிஸின் ஊக்கமருந்துப் பரிசோதனையில் மெட்டான்டியனோன் என்ற ஸ்டீராய்டு இருப்பதாக முடிவு வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை, சாப்பிட்ட ஊட்டச்சத்துப் பொருளில் கலந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். உடலில் இருந்தால் பொறுப்பு வீரனுடையது என்பதுதான் இந்த விதிகளின் அடிப்படை. எப்படி வந்தது என்பது தண்டனையை நீக்காது. முதல் தவறுக்கு இரண்டு ஆட்டத் தடை, சம்பளமும் இல்லை. இந்த லீக்கில் சம்பளம் 18 ஆட்டங்களுக்கு 18 பங்காக வருகிறது என்பதால், ஒன்பதில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். டப்பாவில் எழுதியிருப்பது மட்டும்தான் உள்ளே இருக்கும் என்று எந்த வீரனும் நம்ப முடியாது. வெளி ஆய்வகம் தொகுதி எண்ணோடு சோதித்துச் சான்று கொடுத்த பொருளை மட்டும் வாங்குவது, வாங்கிய டப்பாவில் கொஞ்சம் எடுத்து வைப்பது, இவை சீசன் முழுக்கத் தவறாமல் செய்ய வேண்டியவை. இதை நான் அவர் கதையின் ஓரக்குறிப்பாகக் கருதவில்லை. அந்தத் தடை அவர் பெயரோடு ஒட்டியே இருக்கும், அவருடைய விளக்கமும் அதோடு இருக்கும்.

அதே ஆண்டு நவம்பர் 24, கால்கரியின் மெக்மாஹன் மைதானம். எதிரே அந்த சீசனில் 18-ல் 15 ஆட்டம் வென்ற ஹாமில்டன் டைகர்-கேட்ஸ். வின்னிபெக் கிரே கப் வென்று 29 ஆண்டு ஆகியிருந்தது. ஹாரிஸ் 18 ஓட்டத்தில் 134 யார்டு எடுத்தார். ஒரு ஓட்டத்துக்கு 7 யார்டுக்கு மேல். ஓடி ஒரு டச்டவுன், பிடித்து ஒரு டச்டவுன். முடிவு 33–12. அந்த இறுதியாட்டத்தின் சிறந்த வீரர், சிறந்த கனடியர் இரண்டு விருதும் ஒரே ஆளுக்குப் போனது அதுதான் முதல் முறை. தொடக்கத்தில் சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: முதல் டவுனில் 7 யார்டு எடுக்கிறவன் இருந்தால் இரண்டாவது டவுனில் 3 யார்டுதான் மீதி. ஹாமில்டனின் புகழ்பெற்ற தற்காப்பு அன்று எதையும் யூகிக்க முடியாமல் நின்றதற்கு இந்த 3 யார்டுதான் காரணம். வரிசையில் ஸ்டான்லி பிரையன்ட் போன்ற ஆட்கள் இருந்ததையும் மறக்கக் கூடாது. அவர் 2017, 2018, 2021, 2022 என நான்கு முறை லீக்கின் சிறந்த லைன்மேன்.

கடைசி மூன்று நிமிடத்தில் ஓட்டத்தின் மதிப்பு இன்னும் ஏறும். அந்த நேரத்தில் ஒவ்வொரு ஆட்ட நகர்வுக்குப் பிறகும் கடிகாரம் நிற்கும். அடுத்த பந்தைத் தொடங்க 2025 வரை 20 நொடிதான். முன்னிலையில் இருக்கும் அணி பந்தோடு மண்டியிட்டே அந்த நேரம் முழுவதையும் கரைக்க முடியாது. அதற்கு டவுனும் போதாது, நொடியும் போதாது. ஓடித்தான் 10 யார்டைக் கடந்து இன்னொரு முதல் டவுன் எடுக்க வேண்டும். எல்லாருக்கும் ஓட்டம் வரப்போவது தெரியும், அப்போதும் 10 யார்டு எடுக்கிறவனுக்குத்தான் சம்பளம்.

சம்பளம் என்றதும் பெரிய தொகையாக நினைக்க வேண்டாம். 2019-ல் லீக்கின் குறைந்தபட்சம் 54,000 கனடிய டாலர், 2023-ல் 70,000. பயிற்சி முகாமில் முழுச் சம்பளம் கிடையாது. முகாமின் கடைசி நாளில் வெளியே அனுப்பப்பட்டால் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை வெறும் எழுத்துதான். நவம்பரிலிருந்து மே வரை வேறு வருமானம் தேட வேண்டும், அதே நேரத்தில் உடம்பையும் ஆட்டத்துக்குத் தயாராக வைத்திருக்க வேண்டும். ரீட் ஆடிய காலத்தில் இன்னும் மோசம். அவரே 1970-களில் வீரர் சங்கத்தின் தலைவராக இருந்து இந்தப் பேச்சுகளை நடத்தியவர். ஓட்டச் சாதனையைவிட அது பெரிய சேவை என்று சொன்னால் அவருடைய அணியின் ஊரான ரெஜைனாவில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

உடம்பு எப்போதும் முன்னறிவிப்பு இல்லாமல் கணக்கை முடிக்கும். கார்னிஷ் 2013-ல் 1,813 யார்டு ஓடி லீக்கின் மிகச் சிறந்த வீரரானார். இரண்டே ஆண்டில் தலையில் பட்ட அடிகளால் ஆட்டத்தை விட்டார். ஹாரிஸுக்கு 2021-ல் கெண்டைக்கால், முழங்கால் காயம். கெண்டைக்காலில் பெரும் பிழை, வலி போனதும் திரும்புவது. வலி இல்லாமல் நேரே ஓட முடிவது ஒரு படி, வெட்டித் திரும்ப முடிவது வேறு படி, 20 நொடி இடைவெளியில் பத்து முறை தொடர்ந்து அதைச் செய்ய முடிவது மூன்றாவது. மூன்றாவது வரும் முன் ஆடினால் அதே இடம் மீண்டும் கிழியும். ஹாரிஸ் சீசனில் பாதி ஆட்டங்களே ஆடினார். டிசம்பர் 5 அன்று, மேற்கு இறுதியாட்டத்தில், குளிரில், சஸ்காட்சுவானுக்கு எதிராக 23 முறை சுமந்து 136 யார்டு எடுத்தார். 34 வயதில். வின்னிபெக் 21–17 என்று வென்று, ஒரு வாரத்தில் ஹாமில்டனில் கோப்பையையும் வென்றது.

அதன் பிறகு அணி இளையவரான ஒலிவேராவை நம்பியது. ஹாரிஸ் டொராண்டோ ஆர்கோனாட்ஸுக்குப் போனார். அணியின் முடிவு தவறென்று சொல்ல மாட்டேன். ஒலிவேரா 2023-ல் 1,534 யார்டு ஓடினார், 2024-ல் லீக்கின் மிகச் சிறந்த வீரர். டொராண்டோவில் 2022-ல் ஹாரிஸ் 10,000 யார்டைத் தாண்டினார். அதைத் தொட்ட முதல் கனடியர். அந்த ஆகஸ்டில் மார்புத் தசை கிழிந்து அறுவைச் சிகிச்சை. எலும்போடு தசைநாரை மறுபடி பொருத்திய பிறகு மாதக்கணக்கில் கையை நீட்டித் தள்ளக்கூடாது, ரன்னிங் பேக்குக்கோ எதிரியைத் தள்ளுவதும் தடுப்பதும் அந்தக் கையால்தான். சுமார் மூன்று மாதத்தில் திரும்பி இறுதிச் சுற்றில் ஆடினார். பளுவான வேலையை ஏ.ஜே. வூலெட் சுமக்க, இவர் இடையிடையே வந்தார். ரெஜைனாவில் நவம்பர் 20 அன்று டொராண்டோ 24–23 என்று வென்றது. தோற்றது வின்னிபெக். அவருக்கு அது நான்காவது கிரே கப்.

2023-ல் டொராண்டோ 18-ல் 16 ஆட்டம் வென்று, கிழக்கு இறுதியில் மாண்ட்ரியலிடம் தோற்றது. அதோடு ஓய்வு. பிறகு நனைமோவுக்கே திரும்பி ரெய்டர்ஸின் பயிற்சியாளரானார்.

இனிவரும் ரன்னிங் பேக்குகளுக்குக் களம் வேறாக இருக்கும். ஹாஷ் கோடுகள் 2022-ல் நடுவை நோக்கி நகர்ந்துவிட்டன. ஓரத்திலிருந்து 28 யார்டு, ஆக அந்த 41 யார்டு வெட்டவெளி 37 ஆகிவிட்டது. 2026-ல் 20 நொடிக் கடிகாரத்துக்குப் பதில் 35 நொடி, 2027-ல் மைதானத்தின் நீளம் 110-லிருந்து 100 யார்டு என்று 2025-ல் லீக் அறிவித்தது. மூன்று டவுன் மாறவில்லை, ஒரு யார்டு இடைவெளியும் மாறவில்லை. கடிகாரம் மாறுவதில்தான் எனக்குக் கவலை. முந்தைய நகர்வு முடிந்த கணத்திலிருந்தே 35 நொடி ஓடத் தொடங்கினால், தற்காப்பு அணிகள் ஆளை மாற்றி இறக்க நிதானமான நேரம் கிடைக்கும்; ஒரே பேக் ஓடவும் பிடிக்கவும் தெரிந்திருப்பதால் எதிரணியைச் சிக்கவைத்த அந்த நெருக்கடி தளரும். ஹாரிஸ் 105 பாஸ் பிடித்த சீசனை, அந்தக் கடிகாரத்தோடு யாராவது திரும்பச் செய்கிறார்களா என்று எண்ணிக்கொண்டு பார்க்கப்போகிறேன்.